பின்னுக்குப் போகும் பெட்டி ஏன் மடிகிறது?

கண்டிக்குக் கடல் இல்லை, ஆனால் படகு உண்டு. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி நகரின் நடுவே இருக்கிறது. கிழக்கே தெல்தெனியப் பக்கம், 1985இல் திறக்கப்பட்ட 122 மீட்டர் உயர விக்டோரியா அணை மகாவலியை மறித்து ஒரு பெரிய நீர்த்தேக்கத்தையே ஆக்கி வைத்திருக்கிறது. கடற்கரையில் வாங்கிய ஒரு கண்ணாடியிழைப் படகை டிரெய்லரில் ஏற்றி ஜீப்பின் பின்னால் பூட்டிக் கண்டிக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். கடுகண்ணாவை ஏற்றத்தின் வளைவுகளில் எல்லாம் டிரெய்லர் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் பின்னாலேயே வந்துவிடும். ஹந்தானைச் சரிவிலோ அணிவத்தையிலோ உள்ள வீட்டு வாசலுக்கு வந்ததும், கராஜுக்குள் போவதற்கு மிஞ்சியிருப்பது பதினைந்து மீட்டர். அந்தப் பதினைந்து மீட்டரில்தான் எல்லாம் குழம்பும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகும். கடைசியில் ஜீப்பும் டிரெய்லரும் மடக்குக் கத்தியாக மடிந்து வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும். சுற்றி நிற்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாரம் அதிகம். பாரத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் மடிவதற்குக் காரணம் பாரம் இல்லை. வெறும் டிரெய்லரும் அப்படித்தான் மடியும். குட்டையான இலேசான டிரெய்லர் இன்னும் விரைவாக மடியும். இந்த இரண்டு சிக்கல்களையும் பிரித்துப் பார்க்காதவரை இரண்டுக்குமே தவறான மருந்தைத்தான் போட்டுக்கொண்டிருப்போம்.

முதலில் சில்லிலிருந்து தொடங்குவோம். ஒரு சில்லு தன் முகம் பார்த்த திசையில் உருளும், பக்கவாட்டில் நகராது. ரப்பர் டயரைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டுமானால் தரையில் தேய்த்துத்தான் இழுக்க வேண்டும். டிரெய்லரின் அச்சிலுள்ள சில்லுகள் திசை மாறாதபடி பொருத்தப்பட்டவை, அவற்றுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆகவே டிரெய்லரின் அச்சு எந்தக் கணத்திலும் கொக்கியை நோக்கியோ கொக்கியிலிருந்து விலகியோ மட்டுமே நகர முடியும். முன்னுக்கு இழுக்கும்போது இதன் விளைவு அழகானது. ஜீப் நேராகப் போகிறது, டிரெய்லர் சற்றுக் கோணலாக நிற்கிறது என்றால், ஒவ்வோர் அடியிலும் கொக்கி டிரெய்லரைத் தன் பக்கம் இழுக்கிறது, கோணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இந்தக் கேள்வி பழையது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் குளோட் பெரோ என்பவர் சங்கிலியோடு கூடிய தன் பைக் கடிகாரத்தை மேசையில் வைத்து, சங்கிலியின் நுனியை மேசை விளிம்பை ஒட்டி நேராக இழுத்தால் கடிகாரம் எந்த வளைகோட்டில் வரும் என்று கேட்டார். 1690களில் லைப்னிட்சும் ஹைகென்சும் அதற்கு விடை கண்டார்கள். அந்தக் கோட்டை இழுவை வளைகோடு எனலாம். கடிகாரம் நேர்கோட்டை எட்டிப்பிடிப்பதே இல்லை, ஆனால் அதை நெருங்கிக்கொண்டே போகும். சங்கிலியின் இடத்தில் டிரெய்லரின் தண்டை வைத்தால், கடுகண்ணாவை வளைவைத் தாண்டியதும் டிரெய்லர் தானாக நேராவது ஏன் என்பது விளங்கிவிடும். அங்கே சாரதி ஒன்றும் செய்வதில்லை. வடிவியலே செய்துகொடுக்கிறது.

பின்னுக்கு எடுக்கும்போதும் அதே வளைகோடுதான், எதிர்த்திசையில். முன்னுக்குப் போகையில் நேர்கோட்டை நெருங்கிய டிரெய்லர் பின்னுக்குப் போகையில் அதே பாதையில் நேர்கோட்டை விட்டு விலகுகிறது. விலகும் அளவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள கோணத்தை மடிகோணம் என்போம். கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சுவரையுள்ள நீளத்தை டிரெய்லர் நீளம் என்போம். ஜீப் நேராகப் பின்னுக்குப் போக, ஒரு டிரெய்லர் நீளம் கடக்கும்தோறும் சிறு மடிகோணம் ஏறத்தாழ 2.7 மடங்காகிறது. 4 மீட்டர் நீளமுள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத 2 பாகைக் கோணல். 4 மீட்டர் பின்னுக்குப் போனதும் அது ஐந்தரைப் பாகையாகும். 8 மீட்டரில் 15 பாகை. 12 மீட்டரில் ஏறத்தாழ 39 பாகை. முதல் நான்கு மீட்டரில் எல்லாம் ஒழுங்காகப் போவதுபோலத் தெரியும், கடைசி நான்கு மீட்டரில் டிரெய்லர் திடீரென்று திரும்பிக்கொண்டதாகத் தோன்றும். உண்மையில் அது திடீரென்று நடந்ததில்லை. தொடக்கத்திலிருந்தே ஒரே விகிதத்தில் வளர்ந்தது, அவ்வளவுதான். இப்போது நீளத்தைப் பாதியாக்கி 2 மீட்டர் டிரெய்லரை எடுத்தால், 4 மீட்டரிலேயே 15 பாகை, 6 மீட்டரில் 39, 8 மீட்டரில் ஏறத்தாழ செங்கோணம். சிறிய டிரெய்லர்தானே, இலகுவாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கவனியுங்கள், இந்தக் கணக்கில் எங்கும் பாரம் வரவில்லை, வேகமும் வரவில்லை. கடந்த தூரமும் டிரெய்லரின் நீளமும் மட்டுமே வந்தன.

ஒரு தும்புத்தடியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கையிலிருந்து கீழே தொங்கவிட்டால் தடி தானாக நேராகும். உள்ளங்கைமேல் நிறுத்தினால் சிறு சாய்வும் வளர்ந்து விழும். நிறுத்துவது இயலாத காரியமில்லை. தடியின் நுனியில் கண்ணை வைத்து, அது சாயும் பக்கம் உடனே கையைக் கொண்டுபோக வேண்டும். இயற்பியலில் இதை நிலையற்ற சமநிலை என்பார்கள், விலகலைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதைப் பின்னூட்டம் என்பார்கள். நீண்ட தும்புத்தடியை நிறுத்துவது எளிது, பென்சிலை நிறுத்துவது ஏறத்தாழ முடியாத காரியம். நீண்ட டிரெய்லருக்கும் குட்டை டிரெய்லருக்கும் உள்ள வேறுபாடும் அதே வகையானது. ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை விலகுகிறது, அது சாரதிக்கு நன்மையான விலகல். தடி காலத்தோடு விழுகிறது, நம்மால் அதைத் தாமதிக்க முடியாது. டிரெய்லர் தூரத்தோடு மடிகிறது. நின்றால் மடிவதும் நின்றுவிடும். ஆகவே மெதுவாகப் போவதை வெறும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மீட்டருக்கும் கண்ணுக்கும் கைக்கும் கிடைக்கும் நேரத்தை அது நேரடியாகக் கூட்டுகிறது.

ஸ்டியரிங் ஏன் எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது என்பதும் இனிச் சிரமமில்லாமல் விளங்கும். ஸ்டியரிங்கை வலமாகத் திருப்பிப் பின்னுக்கு எடுத்தால் ஜீப்பின் பின்பக்கம் வலப்பக்கம் போகும். கொக்கி டிரெய்லரின் மூக்கை வலப்பக்கம் தள்ளும். மூக்கு வலம் போனால் வால் இடம் போகும். வட்டமான ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்துப் பிடியுங்கள், கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறீர்களோ அந்தப் பக்கம் டிரெய்லர் போகும் என்று பழக்குபவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல யோசனை. ஆனால் அது பாதிச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. எந்தப் பக்கம் என்ற குழப்பம் அதனால் நீங்கும். கோணம் தானாக வளர்வது நிற்காது. டிரெய்லரை இடப்பக்கம் திருப்ப முதலில் ஸ்டியரிங்கை வலமாகத் திருப்ப வேண்டும். தேவையான மடிகோணம் கிடைத்ததும் அப்படியே பிடித்திருந்தால் அது பெருகிக்கொண்டே போகும். உடனே இடமாகத் திருப்பி, டிரெய்லரைத் துரத்திக்கொண்டு ஜீப்பை அதே வளைவில் கொண்டுபோக வேண்டும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியில். கோணத்தை உண்டாக்கத் தெரிந்திருக்கும், அதை நிறுத்தி வைக்கத் தெரிந்திராது.

நிறுத்தி வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. முன்சில்லுகள் ஓரளவுக்கு மேல் திரும்பா. ஒரு ஜீப்பின் பின் அச்சு திரும்பக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரை 4.5 மீட்டர் என்று கொண்டால், 3 மீட்டர் நீள டிரெய்லரை ஏறத்தாழ 42 பாகை மடிகோணம்வரை மீட்கலாம். அதைத் தாண்டினால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினாலும், பின்னுக்குப் போகப் போக மடிவதைத் தவிர வேறு வழியில்லை. 1.5 மீட்டர் டிரெய்லருக்கு அந்த எல்லை 19 பாகையிலேயே வந்துவிடும். கொக்கி பின் அச்சுக்கு நேராக இல்லாமல் ஒரு மீட்டர் பின்னால் இருந்தால் இரண்டு எல்லையும் பத்துப் பாகைக்கு மேல் கூடும், அது ஓர் ஆறுதல். எல்லையைத் தாண்டியபின் செய்யக்கூடியது ஒன்றுதான்: முன்னுக்கு இழுப்பது. நேராக ஒரு டிரெய்லர் நீளம் முன்னுக்குப் போனால் 30 பாகை 11 பாகையாகக் குறைந்துவிடும். பலர் இதைத் தோல்வியாக நினைத்து, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முன்னால் கூச்சப்பட்டு, மடிந்த டிரெய்லரை மேலும் பின்னுக்கே தள்ளப் பார்க்கிறார்கள். முன்னுக்கு இழுக்கும்போது வடிவியல் நமக்காக வேலை செய்கிறது, அதை வேண்டாமென்று தள்ள ஒரு நியாயமும் இல்லை. அனுபவசாலிகள் இரண்டு மூன்று தடவை முன்னுக்கு எடுப்பதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவையும் எப்படி அறிந்தோம்? எளிய சான்று தரையிலேயே கிடக்கிறது. மழைக்குப் பின் சேற்றில் போன உழவு இயந்திரத்தின் தடத்தைப் பாருங்கள். வளைவில் பெட்டியின் சில்லுத் தடம் எப்போதும் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும், பிறகு மெல்ல மெல்ல முன் தடத்தோடு சேரும். சேரும் வேகம் பெட்டியின் நீளத்தைப் பொறுத்தது என்பதை ஒரு நாடா கொண்டு அளந்தே பார்க்கலாம். இரண்டாவது சான்று இயந்திரங்களுக்கு இதைக் கற்பித்த வரலாறு. 1989இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயெனும் பேர்னாட் விட்ரோவும் ஒரு செயற்கை நரம்பு வலையமைப்புக்குக் கணினிக்குள், டிரெய்லர் லொறியைச் சரக்கேற்றும் மேடைக்குப் பின்னுக்கு எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தவறித் தவறி, தவறைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அது பழகிக்கொண்டது. 1992இல் கொங், கொஸ்கோ இருவரும் தெளிவிலாத் தர்க்கத்தின் விதிகளைக் கொண்டு அதே காரியத்தைச் செய்தார்கள். கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்கள் இந்தச் சிக்கலைத் தங்கள் முறைகளுக்கு உரைகல்லாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது நிலையற்றது, அதே நேரம் தெளிவான வடிவியல் கொண்டது. பின்னர் ஃபோர்ட் நிறுவனம் தன் எஃப்-150 பிக்கப்பில் ஒரு குமிழை வைத்தது. டிரெய்லர் போகவேண்டிய பக்கத்துக்குக் குமிழைத் திருப்பினால் போதும், ஸ்டியரிங்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். அதற்காக டிரெய்லரின் தண்டில் ஒரு கட்டம்போட்ட ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டியிருந்தது. பின்பக்கக் கெமரா அந்தத் தாளைப் பார்த்தது மடிகோணத்தை அறிவதற்காக. கணினிக்குப் படகின் பாரத்தைவிட இன்றியமையாதது அந்த ஒரு கோணம்.

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். தள்ளினால் மடியும் என்றால், ரயிலைப் பின்னாலிருந்து தள்ள முடிவது எப்படி? கண்டிக்காரர்கள் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு 45 அடிக்கு ஓரடி ஏறும் பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. நீராவிக் காலத்தில் பாரமான ரயில்களுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் பூட்டப்பட்டுத் தள்ளிக்கொண்டு வரும். பெட்டிகளுக்கிடையே மூட்டுகள் இருந்தும் அவை மடியவில்லை. காரணம் தண்டவாளம். ஒவ்வொரு பெட்டியின் திசையையும் இரும்பே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது, தள்ளும் விசை பக்கவாட்டில் கசிய இடமில்லை. வீதியில் டிரெய்லரின் திசையைத் தீர்மானிப்பது முன்னாலுள்ள கொக்கி மட்டுமே. ஆகவே மடிவது தள்ளுவதன் குற்றமில்லை, வழிகாட்டி இல்லாமல் தள்ளுவதன் விளைவு. கராஜின் தரையில் சில்லுக்கு அணையாக இருபுறமும் தாழ்ந்த கொங்கிறீட் வரம்பு கட்டிவைத்தால் கடைசி மூன்று மீட்டருக்காவது ஒரு தண்டவாளம் கிடைத்துவிடும். புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு நான் இதை உறுதியாகவே பரிந்துரைப்பேன்.

இப்போது பாரம். கண்டியில் சமதரையான வாசல் அருமை. வீதி ஒரு மட்டத்தில், வீடு இன்னொரு மட்டத்தில், இடையே ஒரு சரிவு. படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைப்போம். காற்று நிறைந்த டயரோடு நல்ல கொங்கிறீட்டில் அதைச் சமதரையில் உருட்ட 10 முதல் 20 கிலோ எடையைத் தூக்குமளவு விசை போதும். இரண்டு பேர் கையால் தள்ளிவிடலாம். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் அதற்குமேல் இன்னும் 100 கிலோ வேண்டும். ஆறடிக்கு ஓரடி என்றால் 165 கிலோவுக்கு மேல். ஆக, பாரம் தொல்லை தருவது சரிவின் வழியாகத்தான். ஒரே வாசலில் இரண்டு சிக்கல்களும் சேரும்போது அவை ஒன்றுக்கொன்று எதிரான கட்டளைகளைத் தருகின்றன: வடிவியல் மெதுவாகப் போ என்கிறது, சரிவு நிற்காமல் ஏறு என்கிறது. மெதுவாக ஏறினால் கிளச் பாதி பிடித்து பாதி விட்டுத் தேய்ந்து கருகும். வேகமாக ஏறினால் கோணலைத் திருத்த நேரமில்லை. இதற்கு நடுவழி தேடுவதைவிட இரண்டையும் இடத்தால் பிரித்துவிடுவதே சரி என்பது என் முடிவு. திருப்பும் வேலையை எல்லாம் வீதி மட்டத்திலேயே முடித்து, ஜீப்பும் டிரெய்லரும் கராஜும் ஒரே நேர்கோட்டில் நின்றபின்தான் சரிவில் ஏற வேண்டும். ஒடுங்கிய வீதியில் அதற்கு இடமில்லை என்று சொல்லலாம். உண்மைதான், பல இடங்களில் இல்லை. அங்கே சரிவின் பாதியில் ஸ்டியரிங்கோடு போராடுவதைவிட டிரெய்லரைக் கழற்றுவது மேல். தாழ்நிலை கியர் உள்ள நான்குசில்லு ஓட்ட ஜீப்புக்கு மட்டும் இந்த முரண்பாடு தளரும், அது கிளச்சை வருத்தாமலே நடையைவிட மெதுவாக ஏறும்.

முன்சில்லில் ஓடும் சாதாரணக் கார்கள் டிரெய்லரோடு ஏற்றத்தில் திணறும் என்பது பொதுவான அனுபவம். முன்னுக்கு ஏறும்போது பாரம் பின்பக்கம் சரிந்து முன்சில்லின் பிடிப்பு குறைவதே அதற்குக் காரணம். பின்னுக்கு ஏறும்போது காரின் முன்பக்கம் தாழ்வில் இருப்பதால் பாரம் அந்தப் பக்கமே வருகிறது, பிடிப்பு கூடுகிறது. ஆகவே முன்னுக்கு ஏறாத ஏற்றத்தில் சில வேளை பின்னுக்கு ஏறிவிடும். ஆனால் மடிகோணம் இருக்கும்போது தள்ளும் விசையின் ஒரு பங்கு டிரெய்லர் சில்லைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. உலர்ந்த கொங்கிறீட் அதைத் தாங்கும். கண்டி மழையில் பாசி பிடித்த சரிவு தாங்காது. சில்லு பக்கவாட்டில் வழுக்கிய கணமே மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. சில்லு வழுக்காது என்பதன்மேல்தான் அந்தக் கணக்கே நிற்கிறது. கராஜ் சரிவைத் தேய்த்துக் கழுவி வைப்பதை வெறும் துப்புரவு வேலையாக எண்ணக் கூடாது.

சரிவு கட்டுப்பாட்டையே தலைகீழாக்குவதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு நம் வயல்களிலும் தோட்டங்களிலும் ஓடும் இருசில்லு உழவு இயந்திரம், மக்கள் லேண்ட்மாஸ்டர் என்று சொல்வது. அதன் இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச்சில்லுக்கு எஞ்சின் விசை போகாது, வலச்சில்லு மட்டும் ஓடி வண்டி இடம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் வண்டியைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு தடையற்று வேகமாக உருளும், வண்டி வலம் திரும்பும். பின்னாலிருக்கும் பெட்டியும் தன் பாரத்தால் தள்ளிக்கொண்டிருக்கும். சமதரையில் பழகிய கை மலைப்பாதையில் தவறுவது இதனால்தான். இங்கே காரணம் விசை, டிரெய்லரில் காரணம் வடிவியல், இரண்டும் வேறு. கைக்குத் தெரிவதோ ஒன்றே: திருப்பிய பக்கம் போகவில்லை.

கழற்றிவிட்டுக் கையால் கொண்டுபோகும் வழிக்கு வருவோம். டிரெய்லரின் மூக்கில் சுழலும் சிறு சில்லு ஒன்று இருக்கும், அது எந்தப் பக்கமும் திரும்பும். அதை இறக்கியதும் டிரெய்லர் தன் அச்சின் நடுவைச் சுற்றி நின்ற இடத்திலேயே திரும்பக்கூடியதாகிறது. ஜீப்பின் நீளமும் திரும்பும் வட்டமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுவதால், டிரெய்லரின் இரு மடங்கு நீளம் இல்லாத வாசலிலும் அதை நேராக்கலாம். ஆனால் அந்தச் சிறு சில்லுக்குப் பெரும்பாலும் பிரேக் இல்லை, சிறிய டிரெய்லர்கள் பலவற்றின் அச்சிலும் இல்லை. ஜீப்பின் கைப்பிரேக் பிடித்திருப்பது ஜீப்பை. கொக்கி கழன்ற கணத்தில் 1,000 கிலோ சரிவின் பொறுப்பில் போய்விடும். கொக்கியில் கை வைக்குமுன் டிரெய்லரின் இரண்டு சில்லுக்கும் தாழ்வுப் பக்கம் கட்டை வைத்தாக வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. படகின் வெளிப்பொருத்து எஞ்சின் வாலில் இருப்பதால் பாரம் அச்சுக்குப் பின்னால் சரிந்திருந்தால், கழற்றியதும் மூக்கு மேலே எகிறும், அதையும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கராஜின் உட்சுவரில் பதித்த வளையத்தில் கைவின்ச்சை மாட்டி இழுத்தால், ஆறடிக்கு ஓரடிச் சரிவில் உருட்டவும் ஏற்றவும் வேண்டிய 180 கிலோ விசையும் ஒரு மனிதரின் கைக்குள் அடங்கிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வின்ச் இழுக்கிறது, தள்ளுவதில்லை. வாலில் கட்டி இழுக்கும்போது மடியக்கூடிய மூட்டே இல்லை; மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் திசையைக் கொடுத்தால் போதும்.

கராஜ் வீதியைவிட உயரத்தில் இருந்தால் கடைசியாக ஓர் அளவை எடுத்தாக வேண்டும், பலர் அதைச் சமதரையில் எடுத்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். டிரெய்லரின் அச்சு சரிவின் உச்சியை எட்டும்போது கொக்கி இன்னும் கீழே இருக்கும். ஆறடிக்கு ஓரடிச் சரிவில், கொக்கி அச்சிலிருந்து 3 மீட்டர் தூரம் என்றால் அது அரை மீட்டர் தாழ்வில் நிற்கும். மூக்கு தாழ்ந்தால் வால் உயரும். அச்சுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் நீண்டிருக்கும் படகின் வால், சமதரையில் அளந்ததைவிட 25 சென்டிமீட்டர் மேலே போகும். அந்த நேரத்தில் அது கராஜ் வாசலின் நிலைக்கல்லுக்குச் சரியாகக் கீழே இருக்கும்.